ஊன்றுகோல் தந்த பெருமான்



திருவிழாக் காலத்தில் பெருமான் திருவீதிக்கு எழுந்தருளுகின்றார். நம் வீட்டு வாயிலுக்கே தேர் வருகின்றது. ஆயினும், கைகூப்பி நிற்கும் கூட்டத்தினிடையே, “என் நெஞ்சு மட்டும் ஏன் கசியவில்லை?” என்று வருந்துவோர் சிலர் இருக்கின்றனர். செய்த பிழையை எண்ணிக் கோயில் வாயிலை மிதிக்கக் கூசுவோரும் உண்டு. அத்தகையோர் பொருட்டு, நம்பியாரூரர் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று சிந்திப்போம்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரர், “உன்னைப் பிரியேன்” என்று மகிழ மரத்தின்கீழ்ச் சூளுரைத்தார். நாட்கள் சென்றன. திருவாரூரில் வசந்தவிழா வரும் காலம் நெருங்கியது. ஆரூர்ப் பெருமானைக் காணும் வேட்கை மீதூர, சூளுரையை மறந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அளவிலே இரு கண்களும் ஒளியிழந்தன. இதனைச் சேக்கிழார் பெருமான் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் விரித்துரைக்கின்றார்.

அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். பிழை செய்தவர் அவர். அதற்குரிய துன்பத்தைத் தந்தவர் அவருடைய தோழராகிய இறைவரே. நம்மில் ஒருவராயின் என்ன செய்திருப்போம்? “இனி எந்த முகத்தோடு அவர் சந்நிதிக்குச் செல்வேன்?” என்று ஓர் மூலையில் அமர்ந்திருப்போம், அல்லது, “இத்தனை நாள் பாடியதற்கு இதுதானா பயன்?” என்று வெறுத்து ஒதுங்கியிருப்போம். வன்தொண்டர் இரண்டையும் செய்யவில்லை. கண் பறித்தவரையே நாடி, கண்ணில்லாமலே நடந்தார். திருமுல்லைவாயிலை அடைந்து பாடினார். அங்கும் பார்வை மீளவில்லை. ஆயினும் மேலும் நடந்தார்.

திருவெண்பாக்கத்தை அடைந்ததும், “பெருமானே, கோயிலினுள் இருக்கின்றீரோ?” என்று கேட்டார். இறைவர் தாம் இருப்பதைத் தெரிவித்து, ஊன்றுகோல் ஒன்றை அளித்து, மேலே செல்லுமாறு பணித்தருளினார். வேண்டியது கண், கிடைத்ததோ கோல். கோலைக் கொண்டு இருள் நீங்காது. ஆனால் அடுத்த அடியை எடுத்து வைக்கலாம். அந்த அருளை ஏற்றுச் சுந்தரர் வழிநடந்தார். காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் பெற்றார். திருத்துருத்தியில் திருக்குளத்தில் மூழ்கி உடற்பிணி நீங்கப் பெற்றார். திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபொழுது பழைய வெண்பாக்கத் திருக்கோயில் நீருக்குள்ளாயிற்று. பெருமான் பூண்டியில் எழுந்த புதிய கோயிலில் ஊன்றீசர் என்னும் திருப்பெயரோடு வீற்றிருக்கின்றார். கோயில் இடம் பெயர்ந்தும் கோல் கொடுத்த பெயர் நிலைத்து விட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பார்வை வந்தபின் புறப்படலாம் என்று சுந்தரர் காத்திருந்திருப்பாராயின், காஞ்சியும் இல்லை, ஆரூரும் இல்லை. நெஞ்சு உருகியபின் பாடுவோம், மனம் தூய்மையானபின் கோயிலுக்குச் செல்வோம் என்று நாம் நாளை நோக்கிக் காத்திருக்கின்றோம். உருக்கம் இல்லாத நாளிலும் ஒரு விளக்கு ஏற்றலாம். பொருள் மனத்தில் பதியாவிடினும் ஒரு பதிகம் ஓதலாம். திருநீறு அணிந்து திருவைந்தெழுத்தை எண்ணலாம். இவை சிறியவை என்று எண்ணற்க. இவையே நமக்குக் கிடைத்த ஊன்றுகோல்கள்.

வருத்தம் மிகுந்ததாயின் அதனையும் மறைக்க வேண்டா. சந்நிதியில் நின்று, “இருக்கின்றீரோ?” என்று கேளுங்கள். அவ்வாறு கேட்டவரைப் பெருமான் சினந்து விலக்கவில்லை. தம் தோழராகவே கொண்டார். தொலைவில் உள்ளோம் என்று வருந்துவதே அவர்பால் நமக்குள்ள அன்பிற்கு அடையாளம். அன்பில்லாதார்க்குப் பிரிவுத் துயர் ஏது?

ஆதலின், இன்றிரவு வீடு திரும்புமுன், நெடுநாள் வாராதவர்களும் ஒருமுறை திருச்சுற்றை வலம் வாருங்கள். இருளாயினும் நடப்போம். கோல் தந்தவர் கண்ணும் தருவார்.

திருச்சிற்றம்பலம்.