குறிகட்டுவான்: லோஞ்சைத் தவறவிட்டால் தெரியும் ஊர்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 இலக்க பஸ்ஸில் ஏறுகிறவர்களில் அரைவாசிப் பேருக்குக் குறிகட்டுவான் ஓர் ஊரே அல்ல. பஸ் திரும்பும் இடம், அவ்வளவுதான். இறங்கின கையோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜெட்டியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். நயினாதீவு லோஞ்சு புறப்பட்டுவிடுமோ என்ற பதற்றம். அந்தப் பதற்றத்தில் வலப்பக்கம் என்ன இருக்கிறது, இடப்பக்கம் யார் நிற்கிறார் என்று பார்க்க யாருக்கு நேரம்?

நயினை நாகபூஷணி அம்மனையும் நாகதீப விகாரையையும் நேயர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நெடுந்தீவின் குதிரைகளும் பவளக்கல் மதில்களும் பெருக்கு மரமும் படமாகவாவது எல்லோரும் பார்த்தவை. ஆகவே இன்று லோஞ்சு ஏறவேண்டாம். இந்தக் கரையிலேயே நிற்கலாம்.

முதலில் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். பண்ணைப் பாலம் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று பஸ் போகும். வேலணை முடிந்ததும் இருபுறமும் கடல், நடுவில் ஒரு தெரு. அதுதான் வாணர் தாம்போதி. வாணர் சகோதரர்கள் என்று ஊர் நன்றியோடு சொல்லும் இருவர், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே பாதை வேண்டும் என்று பாடுபட்டார்கள். பாதைக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. தாம்போதி கடந்தால் மடத்துவெளி. அங்கிருந்து வல்லன், ஊரதீவு, பெருங்காடு, இறுப்பிட்டி என்று வட்டாரம் வட்டாரமாகப் புங்குடுதீவு விரிகிறது. தீவின் மேற்குக் கரையில், தெரு கடலில் முட்டி நிற்கும் இடம் குறிகட்டுவான்.

காலை நேரத்து ஜெட்டியைப் பார்க்கவேண்டும். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் உள்ளவர்கள் தின்பது, உடுப்பது, வீடு கட்டுவது எல்லாமே இந்தக் கல்லில் ஒருதரம் இறங்கி, மறுபடி ஏறித்தான் போகவேண்டும். அரிசி மூட்டை, சீமெந்துப் பை, காஸ் சிலிண்டர், சோடாப் பெட்டி, கூரைத் தகரம், மோட்டார் சைக்கிள், ஆட்டுக்குட்டி. லொறியிலிருந்து ஜெட்டிக்கு ஒரு கை, ஜெட்டியிலிருந்து படகுக்கு ஒரு கை, அக்கரையில் இறக்க ஒரு கை, அங்கிருந்து வீட்டுக்கு உழவு இயந்திரம். நெடுந்தீவில் ஒரு சீமெந்துப் பை யாழ்ப்பாணத்து விலைக்கு விற்காததற்குக் காரணத்தைத் தேடி எங்கும் போகவேண்டாம். இங்கே அரைமணி நேரம் நின்றால் போதும்.

மோட்டார் சைக்கிள் ஏற்றுவதைப் பாருங்கள். ஜெட்டி ஓர் உயரத்தில், படகின் விளிம்பு இன்னோர் உயரத்தில். அலைக்கு அதுவும் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். முன்சில்லை ஒருவர் தூக்குவார், பின்பக்கத்தை இருவர் பிடிப்பார்கள். படகு மேலே எழும் கணத்துக்காகக் காத்திருந்து, எழுந்ததும் ஒரே தள்ளு. வண்டி உள்ளே போய்விடும், கயிறு விழும், முடிச்சு இறுகும். பிறகு அடுத்த வண்டி. யாரும் எண்ணிச் சொல்வதில்லை, சத்தம் போடுவதில்லை. கடலின் தாளம் அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது.

பிரயாணிகளுக்கு வேறு விதமான உபசாரம். "அக்கா, உள்ளுக்கை இறங்குங்கோ. மேலை நிண்டா வெயில்." மரப் படகின் வயிற்றுக்குள் குனிந்து இறங்கவேண்டும். பலகை ஆசனம், என்ஜின் சத்தம், டீசல் மணம். நயினாதீவுக்குக் கால் மணி, இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சோளகக் காற்று எழுந்துவிட்டால் அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீளம் என்பதை அங்கே படிப்பிக்கப் போகும் ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். தாதியர், தபால்காரர், கச்சேரி உத்தியோகத்தர் எல்லோருக்கும் இது நாளாந்தப் பயணம். காலையில் போய்ப் பிற்பகலில் திரும்புகிறார்கள். கடல் கொந்தளித்தால் திரும்புவதும் இல்லை.

இந்தத் துறையில் நின்றுகொண்டு குமுதினியின் பெயரைச் சொல்லாமல் போகமுடியாது. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே பல காலம் ஓடிய படகு அது. 1985 மே 15 அன்று நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் மறித்து, பிரயாணிகளை வெட்டிக் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சாட்சி சொன்னார்கள். அந்தப் படகைக் கழுவி, திருத்தி, மறுபடியும் கடலில் விட்டார்கள். சனம் மறுபடியும் அதில் ஏறியது. வேறு படகு இருக்கவில்லை, வாழ்க்கையும் நிற்கவில்லை. பின்னாளில் வடதாரகை வந்தது, 2017 இல் அவுஸ்திரேலிய உதவியோடு நெடுந்தாரகை வந்தது. என்றாலும் முதியவர்கள் வாயில் இன்றும் முதலில் வருவது குமுதினிதான்.

சரி, நேயர்களே, பசிக்கிற நேரம். ஜெட்டியடிக் கடைகளில் தேத்தண்ணியும் வடையும் ரொட்டியும் கிடைக்கும். அவை எங்கும் கிடைப்பவை. தீவுப்பகுதியின் சாப்பாடு என்றால் கூழ்தான், ஒடியல் கூழ். மீன் கரைக்கு வந்த நாளில், உறவும் அயலும் கூடியிருக்கும்போது முற்றத்தில் பெரிய பானை வைத்துக் காய்ச்சுவது. பனங்கிழங்கைக் கிழித்து, அவிக்காமல் வெயிலில் காயவிட்டால் ஒடியல். அதை இடித்த மாவுதான் கூழுக்கு. பானையில் ஒரு பிடி அரிசி, மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை, பயிற்றங்காய் வேகும். பிறகு மீன் தலை, நண்டு, இறால், கணவாய். அரைத்த செத்தல் மிளகாய், புளிக் கரைசல், கடைசியில் முருங்கையிலை. எல்லாம் கொதித்து ஒன்றான பிறகுதான் கரைத்த மா போகும். துழாவிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கட்டி பட்டுவிடும். பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றிக் கொடுத்தால், மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வர ஊதி ஊதிக் குடிப்பார்கள். நண்டுக்காலைக் கடிப்பதற்கு மட்டும் ஓர் இடைவேளை.

இந்தச் சமையலில் ஒரு வேலை பாக்கி. ஒடியல் மாவுக்கு ஒரு கசப்பு உண்டு. மாவை நேரத்தோடு தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேலே தெளிந்த தண்ணீரை வடித்து ஊற்றவேண்டும். மறுபடி நல்ல தண்ணீர் விடவேண்டும், மறுபடி வடிக்கவேண்டும். நல்ல தண்ணீர் என்று சொன்னவுடன் புங்குடுதீவுப் பெண்களுக்கு மனதில் ஒரு கணக்கு ஓடும். எத்தனை குடம் இருக்கிறது, அடுத்த பவுசர் எப்போது வரும்?

இனிப் பேச்சு தண்ணீரை விட்டு நகரப் போவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீவுகளின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அந்தப் படை தடித்திருக்கும் இடத்தில் கிணறு தோண்டினால் நன்னீர். நாலு அடி தள்ளித் தோண்டினால் சவர். நல்ல கிணற்றிலும் அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். சவர்த் தண்ணீரில் குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் சிக்காகும். குடிக்க முடியாது. வேலணையில் சாட்டிப் பக்கத்துக் கிணறுகள் பல காலமாகத் தீவுப்பகுதியின் தாகத்தைத் தீர்த்து வருகின்றன. 2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கில், தாளையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையம் திறக்கப்பட்டது. அதெல்லாம் பின்னாளைய கதை. ஊரில் ஒன்றிரண்டு நன்னீர்க் கிணறுகளே கதி என்றிருந்த காலத்தில், அந்தக் கிணற்றில் யார் கை வைக்கலாம் என்ற கேள்விக்குள்தான் ஊரின் முழு அதிகாரமும் அடங்கியிருந்தது.

மரம் ஏறியவர்கள், பாரம் சுமந்தவர்கள், பிறர் துணி வெளுத்தவர்கள் என்று உடம்பால் உழைத்த மக்களில் பலர் கிணற்றின் துலாவைத் தொடமுடியாது. குடத்தோடு தள்ளி நின்று, யாராவது மனமிரங்கி அள்ளி ஊற்றும்வரை காத்திருக்கவேண்டும். குடாநாட்டிலும் தீவுகளிலும் அன்று இதுவே வழக்கம். பொது இடத்தில் சாதியின் பெயரால் தடை போடுவது குற்றம் என்று 1957 இலேயே சட்டம் வந்துவிட்டது. 1966 அக்டோபர் 21 அன்று, சாதித் தடைகளுக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க் கடைகளையும் கோயில் கதவுகளையும் திறக்கச் சொல்லிப் போராட்டங்கள் நடந்தன. தீவுக்குள் கிணற்றடி மட்டும் அப்படியே கிடந்தது.

அதை அப்படியே விட மறுத்தவர் மு. தளையசிங்கம். 1935 இல் பிறந்தவர், புங்குடுதீவு மண். பேராதனையில் படித்துவிட்டு ஆசிரியரானவர். 'புதுயுகம் பிறக்கிறது' சிறுகதைகளையும் 'போர்ப்பறை'யையும் எழுதிய எழுத்தாளர். ஈழத்து இலக்கியத்தில் அவரோடு வாதாடாத முகாம் இல்லை. ஆன்மீகத்தையும் அரசியலையும் ஒன்றாகப் பேசியதால் இருபக்கத்தாரும் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். சர்வோதயத்தில் நம்பிக்கை வைத்தவர். எழுத்து வேறு வாழ்வு வேறு என்று இருக்கக்கூடாது என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

கடலோரத்துக் கண்ணகி அம்மன் கோயிலின் நன்னீர்க் கிணற்றில், ஒதுக்கப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக அவர் 1971 இல் அறப்போராட்டத்தில் இறங்கினார். யோசித்துப் பாருங்கள். அவர் கேட்டது பதவியல்ல, காணியல்ல. ஒரு குடம் தண்ணீர், அதுவும் தங்கள் கையாலேயே அள்ளிக்கொள்ள. பொலிஸார் அவரை அடித்தார்கள், அடைத்தார்கள். அந்த அடிக்குப் பிறகு உடல் தேறவேயில்லை. 1973 இல், நாற்பதைத் தொடாமலே இறந்துபோனார். 'மெய்யுள்' அவர் மறைந்த பின் நூலானது.

கண்ணகி மதுரையில் நீதி கேட்டவள் என்று இலங்கைத் தமிழர் கரையெங்கும் அவளுக்குக் கோயில் எடுத்தார்கள். அவள் கோயில் கிணற்றடியில் நீதி கேட்டவனை அடித்தார்கள். தளையசிங்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரது தத்துவத்தைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் இந்தத் தீவில் ஒரு வெயில் நாளைக் கழித்தவர்களுக்கு அந்தக் கிணறுதான் முதலில் விளங்கும். மற்றவை அதற்குப் பின்னர்தான்.

இன்னொரு புங்குடுதீவார், கவிஞர் சு. வில்வரத்தினம். 1990களின் தொடக்கத்தில் யுத்தம் தீவை முழுதாகத் துரத்திய பிறகு, ஆளில்லாத ஊரை 'காற்றுவெளிக் கிராமம்' என்ற தொகுப்பில் வைத்தார். அதற்கு முன்னரே புங்குடுதீவார் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்கள்தாம். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தார்கள், கடையிலே படுத்தார்கள், பணம் ஊருக்கு அனுப்பினார்கள். கொட்டாஞ்சேனையில் சின்ன அறை, ஊரில் பெரிய வீடு. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரமும் அவர்களைக் கடையிலிருந்து ஊருக்கு விரட்டியது. கடைசியில் ஊரும் விரட்டியது. பாரிஸ், சூரிச், ரொறன்ரோ என்று போனார்கள். அந்தப் பெரிய வீடுகளில் பல இன்று கூரையில்லாமல், ஆலும் அரசும் முளைத்துத் தெருவோரம் நிற்கின்றன. வளவுக்குள் எட்டிப் பார்த்தால் கட்டுக்கிணறு தூர்ந்து கிடக்கும். வெளிநாட்டிலிருந்து சிலர் குளம் தூர்வாரவும் மரம் நடவும் காசு அனுப்புகிறார்கள். மழைநீர் நிலத்துக்குள் இறங்கினால்தான் கிணறு இனிக்கும் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

திரும்பி வந்தவர்களும் போகாமல் இருந்தவர்களும் கடலை நம்பி வாழ்கிறார்கள். நண்டு வலை, சிறகுவலை, கூடு. 2017 இல் பாராளுமன்றம் இழுவைமடியைத் தடை செய்தது. இந்திய இழுவைப் படகுகள் வந்துபோன மறுநாள் வலை கிழிந்து கிடப்பது மட்டும் நிற்கவில்லை. அண்மை ஆண்டுகளில் கரையோரம் கடலட்டைப் பண்ணைகள் வேலி போட்டு எழுந்திருக்கின்றன. வேலை கிடைக்கிறது என்கிறார் ஒருவர், களம் போச்சு என்கிறார் பக்கத்தில் நிற்பவர். இரண்டும் உண்மைதான். ஆனால் முழங்காலளவு தண்ணீரில் நடந்துபோய்த் தொழில் செய்கிற ஏழைக்கு அந்த ஆழங்குறைந்த கடல்தான் வயல். வேலி எழும்போது அவரிடம்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும்.

இந்தக் கரையில் பார்க்கவேண்டியதில் பாதிகூடப் பார்க்கவில்லை, நேரம் ஆகிவிட்டது. ஆனி மாதம் நயினைத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் வெள்ளனவே புறப்படுங்கள். அந்த நாட்களில் ஜெட்டியில் நிற்க இடமிராது. மற்ற மாதங்களில் போகிறவர்கள் ஒரு லோஞ்சைத் தவறவிடுங்கள், அடுத்தது வரும். அந்த இடைவெளியில் ஜெட்டியடிக் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, கண்ணகி அம்மன் கோயிலடிக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். தூரமில்லை, ஓட்டோவும் உண்டு. குடிக்கத் தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.