போனில் இடமில்லையா? அவசரப்பட்டு அழிக்காதீங்க!

(திருத்தங்கலில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஊக்குநர், பிரதிநிதிகளிடம் பேசியது)



முதன்முதலில் தீர்மான நோட்டு எழுத உட்கார்ந்தபோது நம்மில் எத்தனை பேருக்குக் கை நடுங்கியது! இன்றைக்கு சேமிப்பு, உள்கடன், வரவு செலவு எல்லாம் நாமே எழுதுகிறோம். இப்போது அந்தக் கணக்கு போனுக்கும் கணினிக்கும் போகிறது. நபார்டு வங்கி 2015-ல் 'இ-சக்தி' என்ற திட்டத்தில் குழுக் கணக்குகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. ஊரக வாழ்வாதார இயக்கக் குழுக்களுக்கு 'லோக் ஓ.எஸ்.' என்ற செயலி வந்திருக்கிறது. ஆகவே போன் வேலையும் குழு வேலைதான்.

எங்கள் களத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஒரு குழுவின் ஊக்குநர் அக்கா செயலியை ஏற்றப் பார்த்தார். 'போதிய இடமில்லை' என்று வந்தது. மறுநாள் சாயங்காலம் கூட்டம். காலையில் பட்டாசு ஆபீஸுக்குப் போகணும், அங்கே போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதனால் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் போனைக் கொடுத்து, "எப்படியாவது ஏத்திருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பியும் நல்ல எண்ணத்தில் படங்களை எல்லாம் அழித்து, இடம் பண்ணி, செயலியை ஏற்றிவிட்டான்.

அழிந்த படங்களில் பழைய கணக்குப் பக்கங்களும் இருந்தன. நோட்டு ஏற்கெனவே மழையில் நனைந்து வீணாகியிருந்தது. படம் மட்டும்தான் சாட்சி. கடன் தவணையைக் கட்டிய ஒரு சகோதரி, கட்டவில்லை என்று பேச்சுக் கேட்க வேண்டியதாயிற்று. இரண்டு கூட்டம் சண்டையிலேயே முடிந்தது. அவருடைய பாஸ் புத்தகம் அம்மா வீட்டில் கிடைத்த பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. இதில் தம்பி மேல் தப்பில்லை. செயலியை ஏற்றச் சொன்ன நாங்கள், இடம் பண்ணும் முறையைச் சொல்லித் தரவில்லை. அது எங்கள் குறை. அதை இன்றைக்குச் சரி செய்கிறோம்.

மூன்று வார்த்தை மனதில் வையுங்கள்: முதலில் நகல், அடுத்தது சரிபார்ப்பு, கடைசியில்தான் அழிப்பு.

நகல் எடுக்க, கூட்டமைப்பு அலுவலகக் கணினியில் போனைக் கேபிளால் இணையுங்கள். சார்ஜ் மட்டும் ஏறுகிறது, படம் தெரியவில்லையா? பயப்பட வேண்டாம். போன் பூட்டைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுங்கள். 'யு.எஸ்.பி. சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரியே வராவிட்டால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். சில கேபிளில் மின்சாரம் மட்டும்தான் போகும், படம் போகாது.

கணினியில் போன் பெயரைத் திறந்து 'டி.சி.ஐ.எம்.', அதற்குள் 'கேமரா' என்று போனால் நாம் எடுத்த படங்கள் இருக்கும். 'கட்' கொடுக்காதீர்கள். 'காப்பி' கொடுங்கள். 'கட்' கொடுத்து நடுவில் கேபிள் கழன்றால் படம் வீணாகலாம். காப்பி முடிந்ததும் நாலைந்து படத்தைக் கணினியில் திறந்து, எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். அதன்பிறகே போனில் அழியுங்கள். நோட்டுப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும்.

தெரியாமல் அழித்துவிட்டீர்களா? கூகுள் போட்டோஸ் செயலியில் அழித்தது என்றால் அதன் குப்பைத் தொட்டியை உடனே பாருங்கள். பெரும்பாலும் 30 நாள் வரை அங்கே இருக்கும்.

சரி, இடம் கிடைத்த பிறகும் செயலி ஏறவில்லையா? பிளே ஸ்டோரில் 'காத்திருக்கிறது' என்றே நின்றால், வேறு செயலிகள் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். அவற்றை நிறுத்துங்கள். போனில் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். ஒருமுறை அணைத்துப் போடுங்கள். 'இந்தப் போனுக்குப் பொருந்தாது' என்று வந்தால் போனின் ஆண்ட்ராய்டு பழசாக இருக்கலாம். அமைப்புகளில் போய் புதுப்பித்துப் பாருங்கள். முடியாவிட்டால் குழுவில் வேறொருவர் போனில் ஏற்றலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. பிளே ஸ்டோரில் ஏறவில்லை என்றதும், "இதை அமுக்குங்க, ஏறிடும்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்று இருக்கும். அரசு உதவித்தொகை, பேங்க் கே.ஒய்.சி., கல்யாணப் பத்திரிகை என்று எந்த வேஷத்திலும் வரும். தொடாதீர்கள். அது போனுக்குள் புகுந்து, நமக்கு வரும் ஓ.டி.பி.யை நமக்குத் தெரியாமலே படித்துவிடும்.

தொட்டு ஏற்றிவிட்டால், உடனே நெட்டை அணையுங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். 1930 சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள்.

இன்னொன்று. குழுக் கணக்குக்கு எந்த எண் கொடுத்திருக்கிறோமோ, அந்த சிம் ஊக்குநர் கையிலேயே இருக்கட்டும். வீட்டுக்காரர் போனில் இருந்தால், ஓ.டி.பி. வரும்போது அவர் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூரில் இருப்பார். நாமும் வேலையில் இருக்கும்போது ஓ.டி.பி. வரும் வேலையை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாமே செய்வோம்.

மருந்து வேலையில் அவசரம் கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போனிலும் அப்படித்தான். அடுத்த கூட்டத்துக்குக் குழுவுக்கு இரண்டு பேர் போனும் கேபிளும் கொண்டு வாருங்கள். நாங்கள் பக்கத்தில் இருப்போம், ஆனால் போனைத் தொட மாட்டோம். நீங்களே இணைத்து, நீங்களே காப்பி எடுத்து, நீங்களே செயலியை ஏற்ற வேண்டும்.