கதவைத் தட்டுறவன் பெயிலிஃப் இல்லை

தோழர்களே, இங்க லண்டனில கடிதம் வாசிச்சுச் சொல்ல நான் போற வீடுகளில, கடன் வசூல் கம்பனி எண்டாலே பொலிஸ் வந்த மாதிரிப் பயப்பிடினம். அவன் பெயிலிஃப் இல்லை. உள்ளே விடத் தேவையில்லை.

வங்கி போட்ட ஓவர்டிராஃப்ட் கட்டணம் பிழையெண்டால், போனில எதையும் ஒத்துக்கொள்ளாதேங்கோ. மறுப்பைக் காரணத்தோட எழுதி அனுப்புங்கோ. காரணம் நியாயமெண்டால் அவை வசூலை நிறுத்திவைக்க வேணும். அது நிதி நடத்தை ஆணையத்தின் விதி. வங்கியிட்டயும் முறையிடுங்கோ. 8 வாரத்தில பதில் இல்லையெண்டால் நிதிக் குறைதீர்ப்பாளரிட்டப் போகலாம், காசில்லை.

2009இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டண வழக்கில் வங்கிகளின் பக்கம் நிண்டது. அனுமதியில்லாத ஓவர்டிராஃப்டுக்கான நிலைக்கட்டணம் 2020 ஏப்ரலில்தான் தடைசெய்யப்பட்டது. அதுவரை கறந்தது இல்லாதவையின்ர காசு.

நீதிமன்றப் படிவம் வந்தால் வேற கதை. 14 நாளுக்குள்ள பதில் போகவேணும். அலுமாரிக்குள்ள போகமுதல் பிரியுங்கோ.