வென்ற பணம் ஏன் கைக்கு வரவில்லை?

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சங்கக் கூட்டமென்றால் சம்பளம், போனஸ், லயத்துக் கூரை, தண்ணீர்க் குழாய் இவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் பந்தயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சங்கத்துக்கும் சூதாட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் உண்டு. சம்பளம் ஏழாம் தேதிக்குள் வருகிறது. பத்தாம் தேதி கடைக்காரர் அரிசிக்குக் கடன் எழுதுகிறார். நடுவில் இருக்கும் மூன்று நாளில் பணம் எங்கே போயிற்று?

கொழுந்து வெட்டும் இளந்தோழர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் வந்தார். கைப்பேசியில் கால்பந்துப் பந்தயம் கட்டுபவர். ஐம்பது ஐம்பது வெள்ளியாகப் போட்டுக்கொண்டு வந்தவருக்கு ஒரு சனிக்கிழமை இரவு 1,840 வெள்ளி விழுந்திருக்கிறது. பணத்தைக் கேட்டார். அடையாளக் கார்டைப் படம் பிடித்து அனுப்பு என்றார்கள், அனுப்பினார். பாங்குக் கணக்கு எண் கேட்டார்கள், கொடுத்தார். ஐந்தாம் நாள் பதில் வந்தது: ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் விளையாடியிருக்கிறீர்கள், இது விதிமீறல், வென்ற தொகை பறிமுதல்.

தோழர்களே, லயத்தில் நான்கு குடும்பம் ஒரே இணைய இணைப்பைப் பங்கிட்டுக்கொள்வது நமக்குத் தெரியும். தூரத்தில் இருப்பவனுடைய கணக்கில் நான்கு வீடும் ஒரே வீடுதான். தோற்றுக்கொண்டிருந்த எட்டு மாதமும் இந்த விதி அவன் கண்ணில் படவில்லை. வென்ற அன்றுதான் பட்டது.

அதோடு நிற்கவில்லை. ஏஜெண்டு என்று ஒருவன் பேசினான். 300 வெள்ளி உத்தரவாதப் பணம் கட்டினால் கணக்கைத் திறந்துவிடலாம் என்றான். தோழர் கடன் வாங்கிக் கட்டினார். மறுநாள் முதல் அந்த எண் மணியடிக்கவே இல்லை. பிறகுதான் நம்மிடம் வந்து, “கிராணி ஐயா, லேபர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டார்.

லேபர் ஆபீசு இதை எடுத்துக்கொள்ளாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சம்பளம் என்பது உழைப்புக்கு ஈடாகத் தொழிலாளிக்கு வர வேண்டிய கடன். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம். எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. கொடுக்காத முதலாளியைத் தொழிலாளர் இலாகா கூப்பிட்டு விசாரிக்கும். பந்தயத்தில் வென்றது அப்படியல்ல. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 31ஆம் பிரிவும், 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் 26ஆம் பிரிவும் பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கின்றன. வென்றதாகச் சொல்லும் தொகையை வசூலிக்க எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. இந்த ஏற்பாடு நாம் கண்டுபிடித்ததல்ல. 1845இல் பிரிட்டனில் போட்ட சட்டமும், 1872இல் இந்தியாவில் போட்ட ஒப்பந்தச் சட்டமும் கப்பலேறி வந்தவை. நம் தாத்தாக்கள் வந்த வழியேதான் அவையும் வந்தன.

சட்டம் இரு பக்கமும் கதவைச் சாத்துகிறதே, நியாயம்தானே என்று சிலர் சொல்லலாம். லண்டன் ரிட்ஸ் சூதாட்ட விடுதி, சபாவின் முன்னாள் முதலமைச்சர் ஒருவர் மீது அங்கே தீர்ப்பு வாங்கி, இங்கே வசூலிக்க வந்தது. 2005இல் கோத்தா கினபாலு உயர்நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடனுக்கு ஆடிய பெரிய மனிதருக்கு அந்தச் சாத்திய கதவு நிழலாயிற்று. நம் தோழர் கடனுக்கு ஆடவில்லை. அவருடைய ஐம்பது வெள்ளியை முதலிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டுதான் ஆட விட்டார்கள். அவர்களுக்குக் கோர்ட்டு எதற்கு? கதவு சாத்தியிருப்பது இவருக்கு மட்டுந்தான்.

இங்கிலாந்தில் கதை வேறு. 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பர் முதல் அங்கே பந்தயக் கடனைக் கோர்ட்டில் கேட்கக்கூடிய கடனாக்கிற்று. 2018 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒருவர் பெட்ஃப்ரெட் நிறுவனத்தின் சீட்டாட்டத்தில் கைப்பேசியில் ஆடி 17 லட்சம் பவுனுக்கு மேல் வென்றார். மென்பொருளில் கோளாறு, பணம் கிடையாது என்றது கம்பெனி. அதைப் பற்றிப் பேசாமலிருந்தால் 60,000 பவுன் தருகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தது. அவர் மசியவில்லை. 2021 ஏப்ரலில் நீதிபதி ஃபாஸ்டர் முழுத் தொகையையும் கொடுக்கும்படி தீர்ப்பளித்தார். கம்பெனி காட்டிய விதிகள் தெளிவில்லாதவை. ஆடுபவர் கண்ணில் படும்படி அவற்றை வைக்கவும் இல்லை என்பது காரணம். 2020 அக்டோபரில் தோட்டக்கலைத் தொழில் செய்யும் பெண்மணி ஒருவருக்குப் பேடி பவர் கம்பெனியின் திரை 10 லட்சம் பவுனுக்கு மேல் காட்டியது. கையில் வந்ததோ 20,265 பவுன். திரையில் தவறு என்றார்கள். 2025 மார்ச்சில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று.

அங்கேயும் எல்லோரும் வென்றுவிடுவதில்லை. நம் பகாங்கிலேயே கெந்திங் மலை இருக்கிறது. 1964இல் லிம் கோ தோங் இந்தக் கேமரன் மலை நீர்மின் திட்ட வேலைக்கு வந்திருந்தபோதுதான் அந்த எண்ணமே அவருக்கு உதித்ததாம். அந்தக் கெந்திங் குழுமத்துக்குச் சொந்தமான லண்டன் விடுதியில் 2012இல் பில் ஐவி என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 77 லட்சம் பவுன் வென்றார். சீட்டின் முதுகுப் பக்க அச்சில் இருந்த சிறு வித்தியாசத்தைக் கொண்டு ஆடினார் என்று விடுதி பணத்தை நிறுத்தியது. 2017இல் உச்ச நீதிமன்றம் அது மோசடியே என்று சொல்லிவிட்டது. ஐந்து வருஷம், மூன்று கோர்ட்டு, பெரிய வக்கீல்கள். கொழுந்து வெட்டுபவருக்கு இது கட்டுமா?

ஆனாலும் அங்கே ஒரு தராசு இருக்கிறது. நம் சங்கங்கள் தராசுக்காகப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கொழுந்துக் கூடையை நிறுக்கும்போது முள்ளைத் தொழிலாளி பார்க்க வேண்டும். பால்மரக் காட்டிலும் பால் அளப்பது வெட்டுபவர் கண் முன்னால் நடக்க வேண்டும். ஈரத்துக்கு இவ்வளவு கழித்தோம் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். கைப்பேசிப் பந்தயத்தில் தராசும் அவனுடையது, படிக்கல்லும் அவனுடையது, செக்ரோலும் அவனுடையது. அவன் இருப்பதோ எந்த நாட்டில் என்பதே தெரியாது. திரையில் தெரிந்த 1,840 அவன் எழுதிய எண். அவன் அழித்தால் அழிந்தது.

இனாம் என்பதும் இந்தத் தராசில் ஒரு கள்ளப் படிக்கல். நூறு வெள்ளி போட்டால் நூறு வெள்ளி இனாம் என்கிறார்கள். அந்த இருநூறையும் இருபது தடவை சுழற்றினால்தான் எடுக்கலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தால், 4,000 வெள்ளிக்குப் பந்தயம் கட்டியாக வேண்டும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் சுழன்ற பிறகு கையில் என்ன மிஞ்சும்?

சூதாடியவனுக்கு வேண்டியதுதான் என்று சொல்லும் தோழர்களோடு நாம் உடன்படவில்லை. பறித்தவன் பறித்தவனே. பந்தயம் கட்டியதும் 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டப்படி குற்றமாகலாம் என்ற பயத்தால் ஏமாந்தவர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயந்தான் ஏஜெண்டின் முதலீடு. அந்தச் சட்டம் எழுதிய நாளில் கைப்பேசியும் இல்லை, இணையமும் இல்லை. அதைக் காலத்துக்கேற்பத் திருத்தும்போது தண்டனை நடத்துபவன் தலையில் விழட்டும். ஏமாந்த தொழிலாளி அஞ்சாமல் வந்து சொல்ல வழி இருக்கட்டும். சங்கம் இதைக் கேட்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இப்போது சிக்கியிருப்பவர்களுக்கு: பணத்தை விடுவிக்க வரி, உத்தரவாதம், கமிஷன் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் மேற்கொண்டு ஒரு காசு கட்டாதீர்கள். பணம் கட்டி ஏமாந்தது உடனே தெரிந்தால் 997க்குக் கூப்பிடுங்கள், உங்கள் பாங்குக்கும் சொல்லுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கை மாறிவிடும். பாங்குக் கார்டையும் கணக்கையும் வாடகைக்குக் கேட்பவன் நண்பனாயினும் கொடுக்காதீர்கள். கணக்கை இரவல் கொடுப்பதையே 2024இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த பிரிவுகள் குற்றமாக்கியிருக்கின்றன. பிறர் பணம் உங்கள் கணக்கில் ஓடினால் போலீசு முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.

அந்த இளந்தோழருக்கு 1,840ஐ வாங்கித் தர நம்மால் முடியவில்லை. 300 வெள்ளிக்குப் போலீசில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது ஏமாற்று, பந்தயமல்ல. வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் கைப்பேசிச் செய்திகளை அழிக்காமல், பணம் கட்டிய ரசீதோடு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் கிளை அலுவலகத்துக்கு வாருங்கள். பெயரைக் கரும்பலகையில் எழுத மாட்டோம்.