வெளுத்துப்போன பெட்டூனியா



அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கரோலின் நபோலி, ரிச்சர்ட் ஜார்ஜென்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அழுத்தமாக்கப் பார்த்தார்கள். அந்த நிறமி உருவாக ஒரு நொதி வேண்டும். அந்த நொதிக்கான மரபணுவின் இன்னொரு பிரதியைச் செடிக்குள் செலுத்தினார்கள். செடி பூத்தது. பல பூக்கள் தூய வெள்ளை. சிலவற்றின் ஊதா இதழில் வெள்ளைத் திட்டுகள். புதிதாகச் செலுத்திய மரபணுவோடு செடியின் சொந்த மரபணுவும் அடங்கிப்போயிருந்தது. 1990இல் இதை வெளியிட்டார்கள்.

மரபணு ஏன் அடங்கியது? விடையின் முக்கியமான பகுதி 1999இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் கிடைத்தது. ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோமும் இப்படி மரபணு அடங்கிய செடிகளில் மிகக் குட்டையான ஆர்என்ஏ துண்டுகளைக் கண்டார்கள். சுமார் 25 எழுத்து நீளம், அவ்வளவுதான்.

மரபணுவில் உள்ள செய்தியை ஆர்என்ஏ இழை படியெடுத்து வரும். அதைப் படித்தே செல் புரதம் செய்யும். ஆர்என்ஏ இரட்டை இழையாகத் தென்பட்டால் டைசர் என்ற நொதி அதைத் துண்டுதுண்டாக நறுக்கும். ஒரு துண்டு ஆர்கோநாட் என்ற புரதத்தில் போய் அமரும். அதன் எழுத்துகளுக்கு இணையான செய்தி இழை எதிர்ப்பட்டால் ஆர்கோநாட் அதை வெட்டிவிடும். மரபணு இருக்கும், அதன் செய்தி போய்ச் சேராது.

செடி தன் வளர்ச்சிக்கும் இதே வழியைக் கையாள்கிறது. 156 என்று எண்ணிடப்பட்ட நுண் ஆர்என்ஏ இளஞ்செடியில் நிறைய இருக்கும்; பூப்பதற்கு உதவும் மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும். வயது ஏற ஏற அது குறையும், செடி பூக்கத் தயாராகும்.

இதைவிட என்னை வியக்க வைப்பது நோய் எதிர்ப்புதான். செடிகளைத் தாக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை ஆர்என்ஏ வைரஸ்கள். அவை பெருகும்போது இரட்டை இழை உருவாகும், டைசர் விடாது. வைரஸும் சளைத்ததல்ல, இந்த வெட்டு வேலையைத் தடுக்கும் புரதங்களைக் கையோடு கொண்டுவரும்.

ஹவாய் தீவில் பப்பாளித் தோட்டங்களை வளையப்புள்ளி வைரஸ் அழித்துக்கொண்டிருந்தபோது, டென்னிஸ் கொன்சால்வஸ் குழுவினர் அந்த வைரஸின் மேலுறைப் புரத மரபணுவையே பப்பாளிக்குள் சேர்த்தார்கள். வைரஸின் எழுத்துகள் செடிக்கு முன்கூட்டியே பிடிபட்டுவிட்டன. ‘ரெயின்போ’ என்ற அந்த ரகத்தின் விதை 1998இல் விவசாயிகள் கைக்குப் போனது. ஆனால் வேற்று நாட்டு வளையப்புள்ளி வைரஸ்கள் பலவற்றிடம் ரெயின்போ தாக்குப்பிடிக்கவில்லை. எழுத்துகள் ஓரளவு மாறியிருந்தாலே பிடி நழுவிவிடும். இந்த நோய் நம் பப்பாளித் தோட்டங்களிலும் உண்டு. இதே வழியில் அதைத் தடுக்க வேண்டுமானால் இங்கே பரவும் வைரஸின் எழுத்துகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.