சாரற்காலத்தில் துப்பாக்கி பற்றாமை: காரணங்களும் பரிகாரங்களும்

(ஐக்கிய நாணயச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்திற்கு நீராட வருவோர்க்குச் சாரல் ஓர் இன்பம். ஆனால் தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி முதலிய ஊர்களின் மலையடிவாரத்து வயற்காரருக்கு அதே காலம் கவலைக்குரியதாகும். கார் நெல் வயலில் நிற்கும் நாட்களில் மலையினின்றும் பன்றிகள் இறங்குகின்றன. பரணில் காவலிருக்கும் குடியானவருக்கு அப்போது துணையாயிருப்பது, குழல் வாயின் வழியாக மருந்து கெட்டிக்கும் கேப்புத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்பிற்காக அத்தகைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் அளிக்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடந்தருகிறது. பன்றியைச் சுடுவதற்கோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். ஆகையால் வெறும் மருந்தும் சக்கையும் இட்டு, ஓசையினால் விரட்டுவதே குடியானவருக்கு உரிய வழி.

நள்ளிரவில் பன்றிக்கூட்டம் வரப்பேறுகிறது. குடியானவர் விசையை இழுக்கிறார். ‘டிக்’ என்ற ஓசையன்றி வேறொன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். பயிர் போவது ஒரு நஷ்டம். பதறிப்போய்த் துப்பாக்கியைத் திருப்பிக் குழலுக்குள் பார்ப்பாராயின், உயிரே போகக்கூடும். ஆதலின் துப்பாக்கி ஏன் பற்றுவதில்லை என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியம்.

பாளையக்காரர் காலத்தில் இந்நாட்டில் வழங்கியவை திரித்துப்பாக்கிகள். பின்னர்ச் சக்கிமுக்கித் துப்பாக்கிகள் பரவின. இவ்விரண்டும் ஈரத்திற்கு எளிதில் தோற்பவை. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரில் பாதிரியாராயிருந்த அலெக்ஸாண்டர் ஜான் பார்சித் என்பவர், அடித்தால் தீப்பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1807ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவருக்குப் பின் வந்தோர் அம்மருந்தைச் சிறிய செம்புத் தொப்பியில் அடைத்தனர். அதுவே கேப்பு. 1853ஆம் ஆண்டின் என்பீல்டு ரைபிளும் கேப்பினால் வெடித்ததே.

இதில் தீ செல்லும் வழியை மனத்திற் கொண்டால் குற்றத்தைக் கண்டுபிடிப்பது எளிது. விசையை இழுத்தவுடன் குதிரை விழுகிறது. கேப்பு, ‘நிப்பிள்’ என்னும் துளையுள்ள முளையின் மேல் நசுங்கித் தீப்பொறி கக்குகிறது. அப்பொறி துளை வழியே உட்சென்று குழலின் அடியிலுள்ள மருந்தைப் பற்றவைக்கிறது. இச்சங்கிலியில் எக்கண்ணி அறுந்தது என்பதை ஓசையே தெரிவித்துவிடும்.

முதலாவது, கேப்பே வெடியாமை. கேப்பு முளையின் மேல் முழுதும் அமராமல் மேலாக நிற்குமாயின், குதிரையின் முதல் அடி அதை அமுக்குவதிலேயே கழிந்துவிடும். இரண்டாவது அடிக்கு அது வெடிக்கும். முளைக்குப் பொருந்தாத அளவுள்ள கேப்பை வாங்குவதும், வெற்றுத் துப்பாக்கியைக் கேப்பின்றி அடித்தடித்து முளையின் தலை பரந்துபோவதும் இதற்குக் காரணங்கள். கேப்பு ஈரத்தில் நனைந்திருத்தலும், குதிரையின் குழியில் பழைய செம்புத் துணுக்குகள் சேர்ந்திருத்தலும், வில் தளர்ந்திருத்தலும் மற்றைக் காரணங்கள்.

இரண்டாவது, கேப்பு வெடித்தும் மருந்து பற்றாமை. சாரற்காலத்தில் பெரும்பான்மையான தொல்லை இதுவே. சுட்டபின் குழலில் தங்கும் கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சேறாகித் துளையை அடைக்கும். துருவுக்கு அஞ்சி மிகுதியாக ஊற்றிய எண்ணெயும் துளையில் வடிந்து நின்று மருந்தை நனைக்கும். திறந்த டப்பியில் கிடந்த மருந்து ஈரித்திருக்கும். இருட்டில், மருந்திட மறந்து சக்கையை மட்டும் இடித்திருத்தலும் உண்டு. ரைபிளாயின் குழலின் உட்புறமுள்ள வரிப்பள்ளங்களில் கரி மேலும் மிகுதியாகத் தங்கும்.

மூன்றாவது, தாமதமாக வெடித்தல். கேப்பு வெடித்துச் சற்று நேரஞ்சென்றபின் குழல் வெடிக்கும். ஈர மருந்து மெல்லப் புகைந்து பற்றுவதே காரணம். மூன்றினுள்ளும் மிகக் கொடியது இதுவே. துப்பாக்கி ஏமாற்றிவிட்டதென்று எண்ணித் திருப்பியவரை இது அடிக்கிறது.

ஆகையால் துப்பாக்கி பற்றாதபோது செய்யவேண்டியவை வருமாறு. குழல்வாயை ஆளில்லாத திசையிலேயே நிறுத்தி, குறைந்தது ஒரு நிமிஷமேனும் அசையாதிருக்க வேண்டும். பின்னர்ப் புதிய கேப்பை விரலால் நன்கு அமுக்கி வைத்து, அதே திசையில் மறுபடியும் அடிக்கலாம். அதற்கும் பற்றாவிடின், மீண்டும் ஒரு நிமிஷம் பொறுத்து, கேப்பை எடுத்துவிட்டு, மெல்லிய கம்பியால் துளையைக் குத்தித் துப்புரவு செய்து, மற்றொரு கேப்பு வைத்துப் பார்க்கலாம். அதற்கும் இணங்காவிடின் அன்றிரவு அத்துப்பாக்கியை விட்டுவிடுதலே புத்தி. கேப்பில்லாத முளைத்துளையின் வழியாக நீரைச் செலுத்தி மருந்தை நன்றாக நனைத்து, மறுநாள் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்து உள்ளிருப்பதை எடுக்கச் செய்க. கெட்டித்த குழலை அடுப்பில் காட்டுதலும், வெயிலில் சாத்திவைத்தலும், குழல்வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோதலும் ஒருபோதும் கூடா. குண்டோ ரவையோ இடவில்லை என்பதனால் அபாயமில்லை என்று எண்ணலாகாது. அருகில் வெடிக்கும் சக்கையும் உயிரைக் குடிக்கும்.

நேராமற் காக்கும் உபாயங்கள் எளியவை. சுட்ட அன்றே குழலைக் கொதிநீர் விட்டுக் கழுவவேண்டும். கரி நீரிற் கரையும். எண்ணெயில் முற்றும் கரையாது. நன்றாக உலர்த்தியபின் துணியில் தொட்ட எண்ணெயை மெல்லத் தடவினாற் போதும். மறுபடி கெட்டிக்குமுன் அவ்வெண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும். பின் மருந்திடாமல், குழல்வாய்க்குச் சற்று முன்னால் ஓர் உலர்ந்த இலையைத் தரையில் வைத்து, வெறுங்கேப்பை அடித்துப் பார்க்க. இலை அசைந்தால் தீவழி திறந்திருக்கிறது, அசையாவிடின் அடைத்திருக்கிறது. இடிகோலில் வெறுங்குழலுக்கு ஒரு கோடும், கெட்டித்த குழலுக்கு ஒரு கோடும் கீறிவைத்தால், இருட்டிலும் விரலால் தடவி உள்ளே என்ன இருக்கிறதென்று அறியலாம். கேப்பும் மருந்தும் இறுக மூடும் டப்பிகளில், வெவ்வேறாக, அடுப்பிற்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் இருக்கவேண்டும். காவல் முடிந்தபின் கெட்டித்த துப்பாக்கியை வீட்டிற்குள் கொண்டுவருதல் கூடாது.

இவ்விஷயத்தில் சங்கம் செய்யத்தக்க பணியும் உண்டு. வைகாசி மாதக் கடைசியில் ஒரு நாள் குறித்து, லைசென்ஸ் பெற்ற கம்மியரை வரவழைத்து, அங்கத்தினர் தத்தம் துப்பாக்கிகளை வெறுங்குழலாகக் கொணர்ந்து சோதிப்பிக்கலாம். கூலியைப் பலர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கும் பாரமிராது. தேய்ந்த முளையை மாற்றும் செலவு, ஓரிரவில் அழியும் நெல்லின் கிரயத்திற்கு ஈடாகாது. ஆனால் மருந்தையும் கேப்பையும் லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமே அவரவர் தம் லைசென்ஸின்மேல் வாங்குக. சங்கக் கிடங்கில் சேர்த்துவைத்தல் கூடாது. ஒருவர் பேருக்குள்ள துப்பாக்கியை லைசென்ஸில்லாத மற்றொருவர் கையில் கொடுத்துக் காவலுக்கு அனுப்புவதும் குற்றம்.

நெல் போனால் அடுத்த பிசானத்தில் ஈடு செய்யலாம். சங்கமும் கடன் கொடுக்கும். கண்ணையும் கையையும் எந்தச் சங்கமும் கடனாகக் கொடுக்க இயலாது. துப்பாக்கி பற்றாத அந்த ஒரு நிமிஷம் பொறுத்திருப்பவர், தம் குடும்பத்தையே காத்தவராவார்.