கடற்கரையில் ஓர் ஆண்டுக் கணக்கு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் சற்று முன்னர் வாசிக்கப்பட்டன. அவற்றோடு, நம் கடற்கரையில் நாம் உறங்கும் வேளையில் உழைக்கும் ஒரு கூட்டத்தாரின் கணக்கையும் உங்கள் முன் வைக்க நிர்வாகத்தாரிடம் அனுமதி கேட்டேன். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினரையே குறிப்பிடுகிறேன்.

பங்குனி ஆமை என்று மீனவர் அழைக்கும் சிறிய கடல் ஆமை, ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கரையேறி முட்டையிடுகிறது. 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த சிலர் இவற்றைத் தேடி இரவில் நடக்கத் தொடங்கினர். பின்னர் சில ஆண்டுகள் அரசுத் துறைகள் அப்பணியைச் செய்தன. அது நின்றபோது, 1988ஆம் ஆண்டு மாணவர்கள் தாமே எடுத்துக்கொண்டனர். அன்று தொடங்கியவர்கள் இன்று நடுவயதைக் கடந்துவிட்டனர். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் வந்து சேர்கின்றனர். ஊதியம் என்று ஒன்றும் இல்லை.

அவர்களது வேலை இதுதான். இரவு பதினொரு மணியளவில் நீலாங்கரையில் புறப்பட்டு, பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடக்கின்றனர். ஆமையின் தடம் கண்டால் குழியைத் தேடுகின்றனர். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டைகள் இருக்கும். அவற்றைக் கவனமாக எடுத்துச் சென்று, கடற்கரையிலேயே வேலியிட்ட பொரிப்பகத்தில், தாய் தோண்டிய அதே வடிவில், அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைக்கின்றனர். சுமார் ஏழு வாரங்களில் குஞ்சுகள் மணலைக் கிளறி மேலே வரும். எண்ணிக் குறித்துக்கொண்டு, நீரோரத்தில் விடுகின்றனர்.

தாயிடமிருந்து முட்டையைப் பிரிப்பது தகுமா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பறவையின் குஞ்சுகளை எடுத்து வந்த தோழர்களிடம், அவற்றைத் தாயிடமே திருப்பிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. ஆனால் ஆமை, முட்டையிட்டு மணலை மூடியதும் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. குஞ்சை அது காண்பதே இல்லை. விட்ட இடத்திலேயே இருந்தால் நாய்களும் மனிதக் கால்களும் முட்டைகளை விட்டுவைப்பதில்லை. ஆகவே இது பிரித்தல் ஆகாது. காவல் என்றே நான் கருதுகிறேன்.

அவர்களுடைய கணக்கில் என்னைக் கவர்ந்தது, செலவுப் பக்கத்தையும் மறைக்காமல் எழுதுவதுதான். எத்தனை குழிகள், எத்தனை குஞ்சுகள் என்பதோடு, நடக்கும் வழியில் கரையொதுங்கிக் கிடந்த செத்த ஆமைகளையும் எண்ணிக் குறிக்கின்றனர். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் அவை நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். இழுவை மடியில் சிக்கினால் மூச்சடைத்து இறந்துவிடும். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து பெரிதாகும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. முட்டையிடும் பருவம் எய்த ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். அப்படியானால், வலையில் இறந்த ஒரு தாய் ஆமைக்கு ஈடுசெய்ய எத்தனை இரவுகள் நடக்க வேண்டும், எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்! இருபது வயதில் குஞ்சை விட்ட மாணவர், அது தாயாகித் திரும்பும்போது முப்பத்தைந்து வயதை எட்டியிருப்பார். திரும்பி வந்ததா என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. இக்லாஸைப் பற்றி நான் மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறேன். இவர்களைப் போன்ற உதாரணம் எளிதில் கிடைப்பதில்லை.

இழுவைப் படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைல்களுக்குள் மீன்பிடிக்கக் கூடாதென்ற விதி நம் மாநிலத்தில் உண்டு. வலையில் சிக்கும் ஆமை வெளியேற வழிவிடும் சாதனமும் உண்டு. நம் ஜமாஅத்தில் படகில் பங்கு வைத்திருப்போரும், மீன் மொத்த வியாபாரம் செய்வோரும் இருக்கின்றனர். படகோட்டிகளிடம் இவ்விரண்டையும் வற்புறுத்த அவர்களால் முடியும், மாணவர்களால் முடியாது.

இன்னொன்று நம் அனைவர் கையிலும் உள்ளது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான அடிவானத்தை நோக்கி நகரும். மனித விளக்குகள் இல்லாத காலத்தில் அது கடல்தான். இன்று தெரு விளக்கும் மாடி விளக்கும் கடலைவிடப் பிரகாசமாக இருப்பதால், தொண்டர்கள் கண்ணில் படாத குழிகளிலிருந்து வரும் குஞ்சுகள் சாலைப் பக்கம் ஏறி மடிகின்றன. ரமளானும் இப்போது இந்தப் பருவத்திலேயே வருகிறது. அலங்கார விளக்குகளுக்குக் குறைவில்லை. அலங்காரம் வேண்டாமென்று நான் கூறவில்லை. ஜனவரி முதல் மே வரை, கடலை நோக்கிய விளக்குகளை மட்டும் இரவு பதினொரு மணிக்குமேல் அணைத்துவிடுங்கள் என்கிறேன். நம் பள்ளியின் மேல்மாடியிலும் அப்படி இரண்டு விளக்குகள் எரிகின்றன. செயலாளர் அவர்கள் அனுமதித்தால், இஷாவுக்குப் பின் மோதினார் அவற்றை அணைத்துவிட்டு, பஜ்ருக்கு எழும்போது மீண்டும் போட்டுக்கொள்வார். ரமளானில் ஸஹருக்கு.